வெட்டிய வயரில் அடித்த பெல்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். வயரிங் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "முதல்ல ஃபியூஸைப் பாருங்க" என்று கிண்டலடிப்பவன். ஆனால் இது நடந்தது. இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

ஒரு சாயங்காலம் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மாமனார் படுத்த படுக்கையானபோது, ஆளைக் கூப்பிட ஒரு பெல் வைத்தார்களாம். சுவிட்ச் பின்னறையில், பெல் கூடத்தில். அவர் போய் ஒரு வருஷமாகிறது. இப்போது பெல் தானாக அடிக்கிறதாம்.

"தலைவலி தாங்கல. கழட்டிடுங்க," என்றார் மருமகள்.

எதைக் கழற்றுவதானாலும் லைனைக் கடைசிவரை பார்த்துவிடுவது என் பழக்கம். வயரோடு வயராகப் பின்னறைக்குப் போனேன். கதவில் தாழ்ப்பாள்... வெளிப்பக்கம் போட்டிருந்தது.

திறந்தேன். கட்டிலில் அந்த மருமகளின் மாமியார் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. தண்ணீர்ச் செம்பு அலமாரியின் மேல்தட்டில், அவருக்கு எட்டவே எட்டாத உயரத்தில் இருந்தது.

தலையணை ஓரத்தில், கையில் பிடித்து அழுத்தும் சுவிட்ச். அதன் வயர் கட்டிலுக்குப் பின்னால் துண்டாகிக் கிடந்தது. எலி கடித்தால் பிசிறு இருக்கும். இது கட்டிங் பிளேயர் வெட்டு. செம்புக் கம்பியின் முனை கறுத்திருந்தது. பழைய வெட்டு.

"யாரும்மா வெட்டினது?"

"அவர் இருக்கும்போதே பையன் வெட்டிட்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டே போய்ச் சேர்ந்தார்..."

ட்ரிங்...

கூடத்தில் பெல் அடித்தது. கடிகாரத்தில் 6.40. அந்தம்மாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"அவர்தான். எனக்குத் தாகம் எடுத்தா அடிப்பார்."

செம்பை எடுத்துக் கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்தார்.

"எதுக்குத் தண்ணி கொடுத்தீங்க? படுக்கைய நனைச்சா யார் துவைக்கிறது?"

வாசலில் மருமகள்.

பெல்லைக் கழற்றினேன். நல்ல பெல், எறிய மனம் வரவில்லை. கருவிப் பையில் போட்டுக்கொண்டேன். தெருமுனையிலிருந்தே முதியோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் வந்தார்களாம். "வழுக்கி விழுந்துட்டாங்க" என்றானாம் மகன். சரி என்று திரும்பிவிட்டார்களாம்.

அடுத்த வாரம். என் வீடு. 6.40.

ட்ரிங்...

பைக்குள்ளிருந்து. வயர் இல்லை. கரண்ட் இல்லை.

விழுந்தடித்து ஓடினேன். அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

"குடும்பத்தோட டூர் போயிருக்காங்க. பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போறதா சொன்னாங்களே," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பின்ஜன்னலைத் தட்டினேன். சத்தமே இல்லை. போலீசுக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"வயரே இல்லாம பெல் அடிச்சுதா?"

சிரித்தார்கள்.

மறுநாளும் அடித்தது.

அதற்கு மறுநாள்... விடாமல் அடித்தது.

நின்றது.

அப்புறம் அடிக்கவேயில்லை.

டூர் முடிந்து வந்து அவர்களே கதவைத் திறந்தார்கள். அந்தம்மா உள்ளேதான் இருந்திருக்கிறார். வெளித்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்ததாம்.

உடலைத் தூக்கிய ஆம்புலன்ஸ்காரர் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"கையில சுவிட்சை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க சார். பிரிக்கவே முடியல. அந்தக் கைமேல... இன்னொரு கை சேர்ந்து அழுத்தின தடம் இருந்துச்சு. ஆம்பளை கை."