வெட்டிய நான்கு வரியும் ரோஸி தின்ற கோழியும்

இன்று காலை ஆறு நாற்பது. எதிர் பிளாட் பால்கனியில் முதலில் கண்ணில் பட்டது ஓர் எவர்சில்வர் கிண்ணம். அந்த வீட்டுப் பெண் அதன் மேல் குனிந்து, வெந்த கோழியை விரலால் தடவித் தடவி எலும்பை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லாப்ரடார். உப்பும் மசாலாவும் போடாமல் வேகும் கோழிக்கு ஒரு வாசனை உண்டு, ஈரத்துணி மாதிரி, சற்றே இனிப்பாக. அது வந்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

காரணத்தை உங்களிடம் சொல்வதில் என்ன. திருச்சியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறு இணைப்புக்குக் கால்நடை மருத்துவர் ஒருவர் எழுதிய கட்டுரை என் மேஜைக்கு வந்தது. நாய்க்குக் கோழிக்கறி ஏன் நல்லது என்று விளக்கியிருந்தார். புரதம் நிறைய, சுலபமாகச் செரிக்கும், நோயில் மெலிந்த நாய் சதை பிடிக்கும், ரோமம் பளபளக்கும். தோலை நீக்கி, உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடலாம். நல்ல கட்டுரை. பக்கத்துக்கு நான்கு வரி அதிகம், அவ்வளவுதான்.

செய்தியை வாலிலிருந்து வெட்டு என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். முக்கியமானது தலையில் இருக்கும். வெட்டினேன். தலைப்பும் நான் போட்டதுதான்: 'நாய்க்குக் கோழி: முழுக்க முழுக்கச் சத்து'. அதில் கொஞ்சம் பெருமைகூட. மருத்துவர்கள் எச்சரிக்கையைக் கடைசியில்தான் எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை, ஸ்ரீரங்கத்தில் என் அறைக்குக் கீழே இருந்த டீக்கடையில் இணைப்பைப் பிரித்தபோதுதான் வெட்டிய வரிகள் நினைவுக்கு வந்தன. வேகவைத்த எலும்பை ஒருபோதும் போடாதீர்கள். அது ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

எத்தனை வீட்டு நாய்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. ரோஸி ஒன்றுதான் கண்முன் நின்றது. நான் முன்பு பாலக்கரையில் குடியிருந்தபோது பக்கத்து வீடு ஸ்டெல்லா டீச்சருடையது. கணவர் இறந்த பிறகு அவருக்குத் துணை ரோஸி என்கிற வெள்ளைப் பொமரேனியன் மட்டும். அது சமீபத்தில் காய்ச்சலில் விழுந்து எழுந்து விலா தெரிய இளைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பாருங்கள், எல்லாம் அதில் வருகிறது என்று டீச்சரிடம் சொன்னவன் நான்தான்.

டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டேன்; யாரும் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் பூசைக்குப் போயிருப்பார். பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டியதும் ஒவ்வொரு கோழிக்கடை வாசலிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். யார் கையில் பையைப் பார்த்தாலும் இவர் வீட்டில் நாய் இருக்குமோ என்றுதான் தோன்றியது.

டீச்சர் அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பியிருந்தார். முக்காடு இன்னும் தலையில். வீடு முழுக்க அந்த வாசனை. ரோஸியின் தட்டு காலி.

"எலும்பு போடலையே டீச்சர்?"

"போட்டேனே தம்பி. முழுக்கச் சத்துன்னு உங்க பேப்பர்லதானே போட்டிருக்கு? விடிஞ்சதும் கடைக்குப் போயி வாங்கியாந்து, பூசைக்கு முன்னாடியே வச்சுட்டேன். கழுத்து, ரெக்கை, ஒண்ணு விடலை. தட்டைக்கூட நக்கிட்டா."

அங்கிருந்தே கட்டுரை எழுதிய மருத்துவரைப் போனில் கூப்பிட்டேன். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், குழைந்த சோறு கொடுங்கள், மூன்று நாள் பாருங்கள், வயிறு உப்பினாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே தூக்கி வாருங்கள் என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "அந்தக் கடைசி நாலு வரியை ஏன் சார் எடுத்தீங்க?"

இடமில்லை என்றேன்.

டீச்சரிடம் எலும்பு ஆகாதாம் என்று மட்டும் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து ரோஸியின் வயிற்றில் கைவைத்தார். "இவளை விட்டா எனக்கு யாரு தம்பி இருக்கா?" என்றார். வெட்டியது யார் என்று சொல்ல அதைவிடச் சரியான நேரம் கிடைத்திருக்காது. சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸில் போய், கொல்லையில் குந்தி, குச்சியால் நாய் மலத்தைக் கிளறிப் பார்த்தேன். பத்திரிகைத் தொழில் எதையும் உற்றுப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும். "தம்பிக்கு வாயில்லா ஜீவன் மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களிடம் டீச்சர் சொன்னது காதில் விழுந்தது. இன்னும் குனிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ரோஸி கட்டிலுக்கடியை விட்டு வெளியே வரவில்லை. சோற்றை முகரவும் இல்லை. டீச்சர் பக்கத்தில் படுத்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். வயிற்றைத் தொட்டபோது முனகியது. நாளைக் காலை வரை பார்ப்போம் என்றார் மருத்துவர். புதன்கிழமை காலை குச்சியில் ஏதோ தட்டுப்பட்டது. கழுவிப் பார்த்தேன். அரை விரல் நீளம், ஒரு முனை கோணி ஊசி மாதிரி கூர். ரத்தமில்லை. நிமிர்ந்தபோது ரோஸி வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது.

அதற்குப் பிறகு ரோஸி ஆறு வருஷம் இருந்தது. டீச்சர் அதற்கு அடுத்த வருஷம் போனார். கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை. அவர் வீடு இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. எங்கள் பத்திரிகையும் நின்றுவிட்டது. அந்தக் கட்டடத்தை ஜவுளிக் கிடங்காக்கிவிட்டார்கள்.

எலும்பு போடாதீர்கள் என்ற திருத்தம் அந்தச் செவ்வாய்க்கிழமை நகரப் பதிப்பில் இரண்டு வரியாக வந்தது. அதே ஞாயிறு இணைப்பு போயிருந்த உப்பிலியபுரத்துக்கும் மருங்காபுரிக்கும் போகும் வெளியூர்ப் பதிப்பு அதற்கு முன்பே அச்சாகிவிட்டிருந்தது.