போஸ்டரில் இருப்பது அவர் பெயர் அல்ல

சூசை அண்ணன் இன்று காலை போய்விட்டார்.

எனக்குச் செய்தி வந்ததே வாட்ஸ்அப்பில், கண்ணீர் அஞ்சலி போஸ்டராகத்தான். அதைப் பார்த்ததும் அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது... இன்னும் அடங்கவில்லை.

அண்ணனுக்குப் பேச்சு திக்கும். அதை வைத்துச் சின்ன வயதில் எவனோ ஒட்டிய பட்டப்பெயர், போஸ்டரில் அவர் பெயருக்கு முன்னால், அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில்! அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

போஸ்டர் அடித்த தம்பிக்கு உடனே போன் போட்டேன். அண்ணன் தெருக்காரன்தான். "அதப் போடலன்னா எந்த சூசைன்னு ஒருத்தனுக்கும் வெளங்காதுக்கா. பாசத்துலதான போட்டிருக்கோம்" என்றான்.

பாசமாம்.

இதே தம்பி போன மாதம் ஒரு ஸ்கூலில் மனித உரிமை விழிப்புணர்வுக் கூட்டம் என்று போய், பிள்ளைகளோடு கையை நீட்டி 'யாரையும் கேலி செய்ய மாட்டேன்' என்று உறுதிமொழி எடுத்து போட்டோ போட்டிருந்தான். நான்கூட லைக் போட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எமர்ஜென்சி முடிந்த சமயம் தூத்துக்குடியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து மனித உரிமைக் குழு என்று ஒன்று நடத்தினோம். ஒரு வக்கீல், ஒரு கணக்கு வாத்தியார், துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டிய சூசை அண்ணன், கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்த நான். போர்டு கிடையாது, ரூம் கிடையாது.

வக்கீலுக்கு போலீஸ், ஜெயில் என்று பேசத்தான் ஆசை. பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அண்ணன்.

"போலீஸ்காரன் அடிச்சா கேக்கதுக்கு நாலு பேரு வாரான். வகுப்புல ஒரு பிள்ளைய தெனமும் அழ வைக்கான், அத எவன் கேக்கான்?"

திக்கித் திக்கித்தான் சொன்னார். அந்தத் திக்கலை நான் எழுத்தில் போட்டுக் காட்ட மாட்டேன். ஊர் காட்டியது போதும்.

சனிக்கிழமைகளில் வேம்பார் பஸ்ஸைப் பிடிப்போம். வழியில் எந்தப் பள்ளிக்கூடம் உள்ளே விடுகிறதோ அங்கே இறங்குவோம்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு துண்டுப் பேப்பர் கொடுப்போம். மேலே, மற்றவர்கள் கூப்பிடும் பெயர். கீழே, தனக்குப் பிடித்த பெயர். பேப்பர் கைக்கு வந்ததும் அண்ணன் மேல் பாதியைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்வார். கீழே உள்ளதை மட்டும் சத்தமாக வாசிப்பார்.

வாய்விட்டு வாசிக்கவே முடியாத மனிதர், வாசிப்பார்.

ஒரு பள்ளிக்கூடத்தில்... ஊர் வேண்டாம்... அஞ்சாம் வகுப்பில் ஒரு பிள்ளை. அவள் அம்மா கருவாடு விற்கிறவள். பிள்ளையை எல்லாரும் எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். வாத்தியாரும் அப்படித்தான் கூப்பிட்டார், எங்கள் முன்னாலேயே.

அவள் கீழே எழுதியிருந்தது செல்வராணி. அண்ணனுக்கு முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைக்கிறது, வார்த்தை வரவில்லை. பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தான், வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த ஆள் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு எதிரில் வந்தாலும் கேட்பேன்.

நான் எழுந்து அந்தப் பேப்பரை வாங்கப் போனேன். அண்ணன் கையைத் தட்டிவிட்டார். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்தபின் முழுசாகச் சொன்னார்: "செல்வராணி."

அந்தப் பிள்ளை எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றாள். அட்டென்டன்ஸ் என்று நினைத்துவிட்டாள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

சரி... நான் பெரிய யோக்கியம் மாதிரி எழுதிக்கொண்டே போகிறேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழவைப்பாரில் ஒரு கூட்டத்துக்கு நான்தான் நோட்டீஸ் டைப் அடித்தேன். பேசுபவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரைப் போட்டேன். கடற்கரையில் வீட்டுக்கு ஒரு சூசை இருக்கிறாரே, எந்த சூசை என்று எப்படித் தெரியும் என்று பட்டது. முன்னால் அந்தப் பட்டப்பெயரையும் சேர்த்து அடித்தேன்.

ஆமாம். நான்தான். கேலி கூடாது என்று சொல்லப் போகிற கூட்டத்தின் நோட்டீஸில்.

பஸ்ஸில் அண்ணன் அதைப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இறங்கும்போதுதான் சொன்னார்: "அந்தப் பேரு இல்லாம என்னையத் தெரியாதுன்னா, அவனுக்கு என்னையத் தெரியவே வேண்டாம் தங்கச்சி."

அன்றைக்கும் போய்ப் பேசினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நோட்டீஸை ஒழுங்காக அடித்தேன், அவ்வளவுதான். இன்று காலை வரைக்கும் கேட்கவில்லை.

அந்தத் தம்பிக்குச் சொல்லிவிட்டேன். நாளை அடக்கத்துக்கு முன்னால் போஸ்டர் மாறவில்லை என்றால், கறுப்பு பெயிண்ட் டப்பாவோடு நானே வருவேன். முட்டி வலி இருக்கிறது, ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வந்தால் நல்லது.

கமென்டில் எவராவது அந்தப் பெயரைப் போட்டால் பிளாக்தான். பாசத்தில் போட்டாலும்.

எந்த சூசை என்று கேட்பவர்களுக்கு: துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டிய சூசை. செல்வராணியை செல்வராணி என்று கூப்பிட்ட சூசை.

போய் வாருங்கள் அண்ணே. நோட்டீஸுக்கு... மன்னிச்சிருங்க.