தண்டில்லாத மட்டை

ஓர்லிகோன் நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது குமரன் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். "மலர் காலமை எங்களை விட்டுப் போயிட்டாள்" என்றார். அவருடைய மனைவி மலர்விழி அக்கா சில மாதங்களாக நோயோடு இருந்தவர்; செய்தி எதிர்பாராததல்ல. ஆனாலும் வந்த ரயிலை விட்டுவிட்டேன்.

எம்மன்புரூக்கே ஊர் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கியவராகவே இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் அக்காவை அறிவீர்கள். அவர் கண்டுபிடித்த விளையாட்டுப் பொருளின் தயாரிப்பு உரிமத்தைக் கவனித்த சட்டத்தரணி நான்.

எல்லாம் ஒரு காயத்தில் தொடங்கியது. ஹொக்கி விளையாடும்போது பிளாஸ்டிக் மட்டை பட்டு நான்கு வயதுச் சிறுமியின் உதடு கிழிந்தது. பிறகு அவள் சுவரோடு ஒட்டியே நின்றாள். ஹொக்கியே வேண்டாம் என்றனர் பெற்றோர். அக்கா பழைய மட்டைகளைப் பூட்டிவைத்துவிட்டு, நீச்சல் பழகும் நுரைக்குழாயை வெட்டி, துணி உறை தைத்துப் புதிதாக ஒன்று செய்தார். அது வதங்கிய கத்தரிக்காய் போலத் தொங்கியது. உள்ளே இறுக்கமான நுரையும் வெளியே மென்மையான நுரையும் வைத்து அதை நிமிர்த்த ஒரு குளிர்காலம் பிடித்தது. முதலில் அதைக் கையில் எடுத்தவள் அந்தச் சிறுமிதான். முதல் அடி அக்காவின் முழங்காலில் விழுந்தது.

லுசேர்ணில் ஒரு பொம்மை நிறுவனம் உரிமம் வாங்க முன்வந்தது. பந்து தூரம் போவதற்காக உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தண்டு வைக்க வேண்டும் என்றார்கள். ஒப்பமிடலாம் என்பதே என் ஆலோசனை. அக்கா எழுந்து, நிறுவன முகாமையாளரிடம் அனுமதி கேட்டு, தன் மட்டையால் அவர் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் சிரித்தார். அடுத்து, தண்டு வைத்த அவர்களுடைய மாதிரியை ஓங்கினார். மனிதர் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"பாத்தியே தம்பி, அவர் விலத்துறார். நாலு வயசுப் பிள்ளை எப்பிடி விலத்தும்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அதையே ஜேர்மன் மொழியில் அவரிடமும் சொன்னார். பேச்சு அன்றோடு முறிந்தது.

பிறகு நெடுங்காலம் ஒருவரும் வரவில்லை. விட்டுக்கொடுத்தால் என்ன என்று குமரன் அண்ணைகூடக் கேட்டுப் பார்த்தார். "தடி வேணுமெண்டால் காட்டுக்கை கிடக்கு. அதுக்கு நான் எதுக்கு?" என்றார் அக்கா. கடைசியில் ஒரு சிறிய நிறுவனம், தண்டு சேர்ப்பதில்லை என்ற நிபந்தனையோடு ஒப்பமிட்டது.

சென்ற கோடையில் ஏரிக்கரையில் நாங்கள் நடந்தபோது, புல்லில் தூங்கிய தகப்பனை ஒரு குழந்தை அந்த மட்டையால் அடித்துக்கொண்டிருந்தது. அவர் விழிக்கவேயில்லை. அந்த மட்டையைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று பிள்ளையிடம் சொல்லட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். வேண்டாம், பிள்ளை விளையாடட்டும் என்றார் அக்கா. நின்று கொஞ்சநேரம் பார்த்தார்.

இப்போது எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும், அதனால் அடிபடக்கூடிய, ஆனால் அந்த மேசைக்கு அழைக்கப்படாதவர் யார் என்று ஒருமுறை யோசிக்கிறேன். மலர் அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது அது.