செங்கம் பேருந்தில் ஒரு சட்டசபை

“உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்கறவங்களுக்குச் சட்டசபை கேக்காது!”

செங்கம் போகும் பேருந்து திருவண்ணாமலை பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வளைந்ததும் மண்ணாங்கட்டி ஆரம்பித்துவிடுவார். முன்பக்கக் கம்பியில் முதுகைச் சாய்த்து, காலை அகட்டி ஊன்றியிருப்பார். எந்தத் திருப்பத்துக்கும் மேல்கம்பியைப் பிடிக்க மாட்டார். சட்டமன்ற உறுப்பினர் ஆவதற்கு முன்னால் இதே சாலையில் ஒரு தனியார் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். பதவி வந்ததும் வெள்ளை வேட்டி வந்தது, ஜீப் வந்தது, கொஞ்சம் தொப்பையும் வந்தது. கால்கள் மட்டும் பழைய உத்தியோகத்திலேயே இருந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தினமும் அந்தப் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் ஜீப்பை வீட்டில் நிறுத்திவிட்டு இவர் பேருந்தில் ஏறிவிடுவார். சென்னையில் என்ன நடந்தது என்று தொகுதிக்குச் சொல்ல வேண்டுமாம். “மண்டபம் புடிச்சி சொல்லிப் பாத்தேன். பிரியாணி தீர்ந்ததும் ஜனம் எழுந்துடிச்சி. பஸ்ல எழுந்து எங்க போவாங்க?” என்பார்.

சொல்வதை மறைக்காமல் சொல்வார். “பால்வளத் துறையில பேச எழுந்தேன். மைக்கு வேல செய்யல. மைக்கு வேல செஞ்சப்போ என் நேரம் முடிஞ்சிபோச்சி. மீன்வளத் துறையில நான் தூங்கிட்டேன். நமக்குக் கடல் இல்ல, பரவால்ல.” ரமணாசிரமம் நிறுத்தத்தில் ஏறிய வெள்ளைக்காரர் ஒருவர், யாரோ மகான் உபதேசம் செய்கிறார் என்று நினைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். மண்ணாங்கட்டி கூட்டுறவுச் சங்கக் கடன் தள்ளுபடியை விளக்கி முடித்தபோது அந்த வெள்ளைக்காரர் கைகூப்பிக் கும்பிட்டார். “என்னை முழுசா கேட்டவரு அவரு ஒருத்தர்தான்” என்று இவர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெயரை மாற்றச் சொல்லிக் கட்சி எவ்வளவோ கேட்டது. மாவட்டச் செயலாளர் தூய தமிழில் சில பெயர்கள்கூட யோசித்து வைத்திருந்தார். “எனக்கு முன்ன பொறந்தது எதுவும் தங்கல. நானாவது தங்கணும்னு எங்கம்மா வெச்ச பேரு. தங்கிட்டேன்ல? அப்பறம் எதுக்கு மாத்தறது?” என்று மறுத்துவிட்டார். ஒருமுறை அவையில் எதிர்வரிசைக்காரர் ஒருவர் கோபத்தில், “சட்டமாவது, மண்ணாங்கட்டியாவது!” என்று கத்தினாராம். இவர் எழுந்து நின்று, “ரெண்டும் ஆஜர், தலைவரே” என்றாராம்.

பேச்சு முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பார். “சரி, உங்களுக்கு இன்னா சட்டம் வேணும்? சொல்லுங்க. நான் கொண்டுபோறேன்.” ஜனங்கள் சொல்வார்கள். மருமகனுக்கு மாற்றல் வேண்டும், மனைப்பட்டா வேண்டும், பையனுக்கு வேலை வேண்டும். “அது சட்டம் இல்லீங்க, சிபாரிசு” என்பார் இவர். “அப்போ சிபாரிசுக்கு ஒரு சட்டம் போட்டுடுங்களேன்” என்பார் உரக்கடை பலராமன். பேருந்து சிரிக்கும். அத்தோடு ஜனநாயகம் முடிந்து அவரவர் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார்கள்.

ஒருநாள் ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள். கிரிவலப் பாதையில் பூ விற்கிறவள். கூடையை மடியிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

“பௌர்ணமிக்கு மலை சுத்த லட்சக்கணக்குல ஜனம் வருது. சாமி இருக்கு, சோறு இருக்கு, சுண்டல் இருக்கு. பொம்பளைங்க ஒதுங்க எடம் எங்க இருக்கு? அன்னிக்கு ஃபுல்லா நான் தண்ணி குடிக்காம யாவாரம் பண்றேன். இதுக்கு ஒரு சட்டம் போடுங்க.”

ஆண்கள் அத்தனை பேரும் திடீரென்று பக்தி வந்தவர்களைப் போல ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்கள். மண்ணாங்கட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, அடுத்தது?” என்றார்.

“இன்னா அடுத்தது? இதுக்கே பதில் வரல.”

அன்று அவர் தன் ஊர் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார். விஷயம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மறுவாரம் ஏறியதும் முதல் வேலையாக, “ஆதிலட்சுமிம்மா, உன் சட்டத்த எழுதலாமா?” என்றார். மந்திரிதான் மசோதா கொண்டுவர வேண்டும் என்றில்லையாம். சாதாரண உறுப்பினரும் கொண்டுவரலாமாம். “யாரும் கொண்டார்றதில்ல, அவ்ளோதான்.”

அதன் பிறகு அந்தப் பேருந்தில் நடந்ததைப் போன்ற விவாதம் கோட்டையில் நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். கூட்டம் கூடும் திருவிழா எதுவானாலும் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று தொடங்கினார்கள். “தண்ணி வரணும்னு எழுது. இல்லன்னா செவுர மட்டும் கட்டிட்டுப் போயிடுவானுங்க” என்றது ஒரு குரல். “காசு வாங்கக் கூடாது.” “லைட்டு வேணும்.” “தாப்பா உள்பக்கம் வெக்கணும். எங்க ஊரு ஸ்கூல்ல வெளிய வெச்சிருக்கான்.” நகரத்து நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்த வேதா அதே பேருந்தில் வருகிற பெண். அவள் ஒவ்வொன்றையும் சட்டத் தமிழுக்கு மாற்றினாள். “தாழ்ப்பாள் உட்புறமாகப் பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும்” என்று அவள் படித்தபோது பேருந்து கைதட்டியது. ஓட்டுநர் ராஜேந்திரன் விவாதம் சூடாகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தார். இறங்க வேண்டியவர்கள் சிலர் இறங்க மறந்து அடுத்த ஊரிலிருந்து நடந்தார்கள்.

மசோதா சென்னைக்குப் போனது. மண்ணாங்கட்டி காணாமல் போனார்.

கூட்டத்தொடர் முடிந்துவிட்டது என்று செய்தித்தாளில் வந்தது. பேருந்தில் ஆளைக் காணோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜீப் மட்டும் செங்கம் சாலையில் விர்ரென்று போவதை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலக வாசலில் யாரோ வணக்கம் சொன்னதற்குப் பாராததுபோல் போய்விட்டாராம். “அவ்ளோதான், பெரிய மனுஷன் ஆயிட்டாரு” என்றார் பலராமன்.

பிறகு ஒருநாள் காலையில் அவரே வந்து ஏறினார்.

“இன்னாங்க, ஜீப்பு ரிப்பேரா?” என்றார் ராஜேந்திரன்.

“ஜீப்பு நல்லாத்தான் இருக்கு. நான்தான் ரிப்பேரு.”

அன்றைக்கு “உள்ள போங்க” இல்லை. நகரம் தாண்டியதும் சொன்னார். மசோதாவை அவையில் படித்திருக்கிறார். தாழ்ப்பாள் வரும்வரை அமைதியாக இருந்த அவை, தாழ்ப்பாளுக்குச் சிரித்திருக்கிறது. மந்திரி எழுந்து, உறுப்பினரின் அக்கறையை அரசு மதிக்கிறது, ஆவன செய்யும், எனவே மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

“வாபஸ் வாங்கிட்டேன்” என்றார் மண்ணாங்கட்டி.

“யாரக் கேட்டு வாங்கினே?” என்றாள் ஆதிலட்சுமி. எப்போதும் ‘ங்க’ போட்டுப் பேசுகிறவள். “எழுதறப்போ எங்களக் கேட்டே. வாபஸ் வாங்கறப்போ எதுக்குக் கேக்கல?”

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

“கொறடா முன்வரிசையிலேர்ந்து திரும்பிக் கண்ணக் காட்டினாரு. அடுத்த தபா சீட்டு கெடைக்காதோன்னு பயந்துட்டேன்.” பொய் சொல்லவும் அவருக்கு வழியிருந்தது. அரசு பரிசீலிக்கிறது என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆதிலட்சுமி கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “அப்போ எங்களையும் அங்க கூட்டினு போ. நாங்களும் கண்ணக் காட்டறோம்” என்றாள்.

அடுத்த கூட்டத்தொடரில் அந்தப் பேருந்துப் பெண்கள் ஒரு கும்பலாகச் சென்னைக்குப் போனார்கள். பார்வையாளர் மாடத்துக்கு உறுப்பினரே அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். வாசலில் போலீஸ் அவர்களுடைய சுருக்குப் பைகளையும் வெற்றிலையையும் வாங்கி வைத்துக்கொண்டது. கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, காலை நீட்டக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்தார்கள். “கோயில்லகூட இவ்ளோ கெடுபிடி கம்மி” என்றாளாம் ஆதிலட்சுமி.

நகராட்சித் துறை விவாதத்தில் மண்ணாங்கட்டி எழுந்தார். வேதா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அவளும் மாடத்தில் இருந்தாள். “போன கூட்டத்துல மசோதாவ வாபஸ் வாங்கினேன்ல, அந்த வாபஸ நான் வாபஸ் வாங்கிக்கறேன்” என்றிருக்கிறார். அப்படி ஒரு விதியே இல்லை என்றார் பேரவைத் தலைவர். “இல்லன்னா ஒண்ணு போடுங்க, தலைவரே. இது சட்டம் போடற எடந்தானே?” அவை சிரித்தது. கொறடா திரும்பிப் பார்த்தார். இவர் தலையை நிமிர்த்தி மாடத்தைப் பார்த்தார். அங்கே யாரும் கண்ணைக் காட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அவர் உட்காரவில்லை. தண்ணீர், விளக்கு, தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். நிரம்பி வழியும் பேருந்தில் கடைசிப் படிவரை எட்டிய தொண்டை அது. மைக் இல்லாமலே முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சட்டம் வரவில்லை. ஆனால் எங்கிருந்தோ ஓர் ஆணை வந்தது. கிரிவலப் பாதையில் கழிப்பறைகள் எழும்பின. திறப்பு விழாக் கல்வெட்டில் மந்திரி பெயர், அதிகாரி பெயர், ஒப்பந்ததாரர் பெயர் எல்லாம் இருக்கின்றன. மண்ணாங்கட்டி பெயருக்கு மட்டும் இடம் போதவில்லை. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்றார்கள். வழிவிடப்பட்ட இளைஞர் இவரைவிட வயதில் மூத்தவர்.

ஜீப் போய்விட்டது. பேருந்து இருக்கிறது. முன்னாள் உறுப்பினர் என்ற இலவசப் பயணச் சீட்டோடு இன்றைக்கும் ஏறுகிறார். செய்தித்தாளில் வந்த சட்டசபைச் செய்திகளைத் தானே அங்கிருந்து வந்ததுபோல விவரிக்கிறார். “இப்ப இருக்கறவரப் போய்ப் பாருங்க. இன்னா சட்டம் வேணும்னு சொல்லுங்க. பயப்படாதீங்க, கடிக்க மாட்டாரு” என்கிறார். கேட்கிறவர்கள் கம்மி. தூங்குகிறவர்கள் ஜாஸ்தி. அவர் நிறுத்துவதில்லை.

போன பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரத்தில் கிரிவலப் பாதையில் அவரைப் பார்த்தேன். கழிப்பறைக்கு எதிரே பெண்கள் வரிசை நீண்டிருந்தது. ஆதிலட்சுமி பூக்கூடையை அவர் முன்னால் வைத்துவிட்டு, “பாத்துக்கங்க, இதோ வந்துட்டேன்” என்று வரிசையில் போய் நின்றாள். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் குந்தினார். வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்து நின்றது. “பூக்காரரே, ரெண்டு மொழம் குடு” என்றார் அந்த ஆள். மண்ணாங்கட்டி வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு சரத்தை எடுத்து முழங்கையில் வைத்து நடுவிரல் நுனிவரை இழுத்து அளந்தார். இன்னொரு முறை அளந்தார். விரலைத் தாண்டி இன்னும் நாலு பூவை விட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து நீட்டினார்.