தொங்கும்போது முறுக்கியது

டென்னி ஹவ்ரிலாவை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. நல்ல பெயர் எடுத்ததால் அல்ல. ஏரிக்கரைப் பனி உருகி, சாலையெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழி விழுகிற மார்ச் மாதத்தில், ஆரஞ்சு மேல்சட்டையோடு தார்க்கலவை லாரியின் பின்னால் நிற்கிறவன் அவன். ஆகவே ஊர் வசவு முழுவதும் அவனுக்கே. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குச் சர்ச் மண்டபத்தில் வரிசையில் நின்றால்கூட எவனாவது, "டென்னி, எங்க தெருக் குழியில ஒரு வாத்துக் குடும்பம் குடிவந்துருச்சுடா, வாடகை நீ வாங்கிக்கோ" என்பான். அவன் சிரித்துவிட்டுத் தட்டை நீட்டுவான்.

குழி அடைப்பவனுக்கு வாய்த்த கார்தான் வேடிக்கை. ஒஹையோவில் பாதிப் பேர் வீடு மாதிரி வண்டி வைத்திருக்க, இவன் மட்டும் பின்கதவு மேலே திறக்கிற சின்னச் சிவப்புக் கார் வைத்திருந்தான். உருவம்தான் சிறிது, மிதித்தால் பறக்கும். வேலைக்கும் அதுதான், மளிகைக்கும் அதுதான். அதில் அவனுக்கு ஒரே ஒரு குறை. சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவே ஒரு கை தாராளமாக நுழைகிற இடைவெளி இருந்தது. "தண்ணியில இறங்க பேன்ட்டைச் சுருட்டிவிட்டவன் மாதிரி நிக்குது பாரு," என்பாள் அவன் மனைவி ரோண்டா. ஒரே ஒரு அங்குலம் இறக்கிவிட்டால் போதும் என்று அவன் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிக்கொண்டிருந்தானே தவிர, செய்யவில்லை. குலுக்கலைத் தாங்குகிற நல்ல ஷாக் அப்சார்பரை எதற்குக் கழற்றுவது என்று மனம் வராது.

ரோண்டாவுக்கு மார்பில் வந்த நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. வாரம் ஒரு தடவை பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். முன் இருக்கையில் உட்கார்ந்தால் பெல்ட் அழுத்துகிறது என்று, பின் இருக்கையில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்வாள். ஒவ்வொரு குழியும் அவள் எலும்பில் போய் முடியும். டென்னி என்ன செய்தான் தெரியுமா? ஆஸ்பத்திரி போகிற பாதையில் தன் எல்லைக்குட்பட்ட குழிகளை எல்லாம், முறை வருமுன்பே போய் அடைத்தான். மேற்பார்வையாளன் கத்தினான். கத்தட்டும். ஊருக்கு வெளியே அந்தச் சாலையைக் குறுக்கிடும் ரயில் தண்டவாளத்தை மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது ரயில் கம்பெனியின் சொத்து. அங்கே அவன் ஒரு சட்டித் தார் ஊற்றினாலும் வழக்குப் போடுவார்கள்.

அந்தச் சமயம் பார்த்துப் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கக்க ஆரம்பித்தன. மாற்றியே ஆகவேண்டும்.

"பழைய மாதிரியே மெத்துனு இருக்கறதப் போட்டுடறேன்," என்றான் டென்னி. "இறக்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்போ? என்னைப் புதைச்சுட்டா?" என்றாள் ரோண்டா. பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், வாய் அப்படித்தான். "எனக்காக நீ ஒண்ணையும் தள்ளிப்போடாத டென். எனக்கும் அது அழகா நிக்கறதப் பாக்கணும்."

டென்னியின் நண்பன் நெல்சன் கோலோன், டயர்க் கடையில் சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மென்ட் வேலை பார்க்கிறவன். வீட்டுக் கொட்டகையிலேயே காரைத் தூக்கி நிறுத்துகிற ஒரு லிஃப்ட் வைத்திருந்தான். இருவரும் பீர் பாட்டிலோடு உட்கார்ந்து நாள்கணக்கில் வாதாடினார்கள்.

"திருகி ஏத்தி இறக்கற செட்டு வாங்குடா. இஷ்டத்துக்கு வச்சுக்கலாம்," என்றான் நெல்சன்.

"அதுல போனா அவ பல்லெல்லாம் கொட்டிரும்."

"அப்போ ஸ்பிரிங்கை மட்டும் மாத்து."

"கட்டை ஸ்பிரிங்கைப் பழைய ஷாக் மேல போட்டா தவளை மாதிரி குதிக்கும். நீயே எத்தனை பேரத் திட்டியிருக்க?"

"சரி, எல்லாம் தெரிஞ்ச மகராசா, நீயே சொல்லு."

டென்னி தேடித் தேடிக் கண்டுபிடித்தது, நாலு சக்கரத்துக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்த ஸ்பிரிங்கும் ஷாக்கும். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும். போட்டவர்கள் எல்லோரும், பழசைவிட இதில் குலுக்கல் குறைவு என்று எழுதியிருந்தார்கள். மனைவியின் முதுகை நினைத்து நினைத்து எடுத்த முடிவு அது. தேர்வில் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சனிக்கிழமை காலையில் கொட்டகையில் வேலை தொடங்கியது. நெல்சனுக்கு ஒரு மந்திரம் உண்டு. யார் வந்தாலும் ஓதுவான்: "தொங்கும்போது முறுக்காதே." பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்புக் கைகளின் மூட்டில் ரப்பர் புஷ் இருக்கும். வண்டி லிஃப்டில் தொங்கும்போது போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே கட்டுண்டு போகும். கீழே இறக்கியதும் வண்டி தன் எடைக்கு உட்காரப் பார்க்கும். ரப்பர் விடாது, திருகிக்கொண்டு முட்டுக்கொடுக்கும். அதனால் போல்ட்டை லேசாக விட்டு, சக்கரத்தைத் தரையில் நிற்கவைத்து, அதற்குப் பிறகுதான் இறுக்க வேண்டும். டென்னிக்கும் இது தெரியும். தெரியாமல் செய்தவன் இல்லை அவன்.

முக்கால்வாசி வேலை முடிந்தபோது, நெல்சன் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குள் போனான். அப்போது டென்னியின் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி.

"டென்னி, ரோண்டா குளியலறையில விழுந்துட்டா. உடம்பு நெருப்பாக் கொதிக்குது. ஓடி வா."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருக்க அவன் என்ன கல்லா? வண்டி தொங்கியபடியே இருக்க, கைக்கு எட்டிய போல்ட்டையெல்லாம் பலம்கொண்ட மட்டும் இறுக்கினான். நாளைக்கு வந்து சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தான். சக்கரத்தை மாட்டி, இறக்கி, பறந்துவிட்டான். இறைச்சி அடைத்துப் பொரித்த பாஸ்தெலியோ தட்டோடு திரும்பிய நெல்சன் காலி லிஃப்டைத்தான் பார்த்தான். உடனே போன் போட்டான்.

"எல்லாத்தையும் முறுக்கினியாடா?"

"முறுக்கிட்டேன், முறுக்கிட்டேன்!"

அவன் சொன்னதில் பொய் இல்லை.

காய்ச்சல் தணிந்து ரோண்டா வீடு திரும்புவதற்குள் டென்னி இளைத்துத் துரும்பாகியிருந்தான். நாளைக்குச் சரிசெய்ய நினைத்தது ஒரேயடியாக மறந்துபோனது. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியிலிருந்து காரை ஏற இறங்கப் பார்த்தாள் அவள்.

"முன்னாடி அழகா இறங்கியிருக்கு. பின்னாடி இன்னும் பேன்ட்டைச் சுருட்டித்தானே வச்சிருக்கு?"

"புது ஸ்பிரிங் இல்லையா? ஓட ஓட உட்காந்துரும்."

அவன் சமாளிக்கச் சொன்னதில்லை. கார்ப் பைத்தியங்கள் எல்லோரும் சொல்வதுதான் அது. புது ஸ்பிரிங் உட்காரக் கொஞ்சம் நாளாகும். பின்பக்கம் உயரமாக இருந்தாலும் அதே பதில். சாலையின் ஒவ்வொரு விரிசலும் இடுப்பில் இடித்தாலும் அதே பதில். பாவி, அந்தப் பதிலை அவன் நம்பினான்.

தண்டவாளம் வந்தால் நடை வேகத்துக்குக் குறைப்பான். கண்ணாடியில் பார்ப்பான். ரோண்டா கண்ணை மூடி, மேல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தடதடவென்று நாலு அடி வாங்கி, மூச்சை விடுவாள். பிறகு கேட்பாள்.

"உட்காந்துருச்சா?"

"இன்னும் இல்ல."

"சோம்பேறி ஸ்பிரிங். உன் சாலைத் துறைல வேலை வாங்கிக் கொடு."

வாரா வாரம் இதே கேள்வி, இதே பதில். முதலில் இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவன் மட்டும் சிரிக்கவில்லை. "பழசையே போட்டுடட்டுமா ரோண்டா? வலிக்குதா?" என்று கேட்டுப் பார்த்தான். "வலி என்னோடது, கார் மேல பழி போடாத," என்று அடக்கிவிட்டாள்.

நவம்பர் கடைசியில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து முடிந்த மறுவாரம், ஆஸ்பத்திரியிலிருந்து வேன் வரச் சொல்லிவிட்டதாக அவளே அறிவித்தாள்.

"எதுக்கு வேன்? நான் இருக்கேன்ல?"

"உனக்கு லீவு எத்தனை நாள்தான் தருவான்? நீ வேலைக்குப் போ."

காரணம் அது இல்லை என்று இருவருக்கும் தெரியும். வேனில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய சிவப்புக் காரில் இனி ஏற முடியாது என்பதை வாயால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. டென்னி வேலைக்குப் போகவில்லை. வெறும் பின் இருக்கையும் தலையணையுமாக வேனின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

பனி உருகி மண் இளகிய பிறகு கார் பின்பக்கம் கீச்சிட ஆரம்பித்தது. நெல்சன் லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு அடியில் முட்டுக்கொடுத்து எடையைத் தாங்கவைத்து, விளக்கைப் பிடித்து, ஒரு போல்ட்டைத் தளர்த்தினான். டக்கென்று ஒரு சத்தம். இறுகிக் கிடந்த இரும்புக் கை உதறிக்கொண்டு நகர்ந்தது. ரப்பர் பாதி கிழிந்திருந்தது. நெல்சன் அடுத்த போல்ட்டைத் தொடவில்லை. திரும்பி நண்பனைப் பார்த்தான்.

டென்னியின் முகம் வெளிறிப் போயிருந்தது. "அன்னிக்கு... தொங்கும்போதே இறுக்கிட்டேன்டா."

"நான் முறுக்கினியான்னு கேட்டேன். எங்க வச்சு முறுக்கினன்னு கேக்கலையே," என்றான் நெல்சன்.

"அவ வலிக்கு இதுதான் காரணமா? உள்ளதச் சொல்லு."

"அவ எலும்பு உள்ளயே நொறுங்கிட்டிருந்துச்சு. எந்தக் கார்ல போனாலும் வலிச்சிருக்கும்."

"இவ்வளவு வலிச்சிருக்குமா?"

நெல்சன் விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் புது ரப்பரை எடுக்கப் போனான். புது புஷ் போட்டார்கள். வண்டியைத் தரையில் நிற்கவைத்து, இருவரும் குனிந்து, தங்கள் மந்திரப்படியே இறுக்கினார்கள். பின்பக்கம் ஒரு விரல் அளவு இறங்கி, அவன் இத்தனை வருஷம் ஆசைப்பட்ட அதே உயரத்தில் அழகாக நின்றது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

டென்னி நேரே ஊருக்கு வெளியே ஓட்டினான். தண்டவாளம் வந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. நாலு தண்டவாளத்தையும் கார் மெத்தையில் உருள்வதைப்போலக் கடந்தது. பழக்க தோஷத்தில் பார்வை பின்பக்கம் காட்டும் கண்ணாடிக்குப் போனது. பின் இருக்கையில் தலையணை மட்டும் கிடந்தது.

"உட்காந்துருச்சு, ரோண்டா," என்றான்.