மூன்றாம் தண்ணீர்

அம்மாவின் தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுத்து, சில நாள் தனியறையில் வைத்திருந்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பிலிருக்கும் மிச்சக் கதிர் அடங்க இன்னும் நாளாகும்; அதுவரை குழந்தைகளோ கர்ப்பிணிகளோ அவள் கிட்டே வரக்கூடாது. அக்கா அப்போது மாசமாக இருந்தாள்.

இயற்பியல் படித்தவள் சும்மா இருப்பேனா? அம்மாவுக்குத் தனிப் படுக்கை, தனித் தட்டு, துணிக்குத் தனி வாளி. கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மாரண்டஹள்ளியிலிருந்த அக்காவிடம், "நான் சொன்னாதான் வரணும்" என்று போனிலேயே சத்தியம் வாங்கினேன்.

ஆனால் நலம் விசாரிக்க வந்தவர்கள் நேராகப் போய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அப்பாதான் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார். அம்மை போட்டிருக்கிறதென்று நினைத்து, அதன்பின் ஒருவரும் படியேறவில்லை.

"உன் பிசிக்ஸால ஆகாதது வேப்பிலையால ஆச்சு, பாத்தியா?" என்று சிரித்தார் அப்பா.

நானும் சிரித்தேன். அந்த வீட்டில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார் என்றே நம்பினேன்.

ஒருநாள் எங்கள் தோட்டத்துத் தக்காளியோடு பாலக்கோடு மண்டிக்குப் போய்த் திரும்பினால், நிலைப்படியில் வேப்பிலை இல்லை. வாசலெல்லாம் மஞ்சள் தண்ணீர். உள்ளே அம்மா, ஈரத் தலையோடு அக்காவை ஒட்டி உட்கார்ந்து, அவள் வயிற்றில் கை வைத்திருந்தாள்.

"மூணாந் தண்ணியும் ஊத்தியாச்சு கண்ணு," என்றார் அப்பா. "இனி யாரு வேணா வரலாம்."

"அது அம்மைக்குப்பா! அம்மாவுக்கு அம்மையே போடலியே!"

"தனியா வெச்சா, தண்ணி ஊத்தித்தான எறக்கணும்?"

அக்கா எழுந்து சுவரோரம் போய் நின்றாள். "நீதான் வரச் சொன்னன்னு அப்பா போன்ல சொன்னாரே!"

நான் அப்பாவைப் பார்த்தேன். "உம் பேரச் சொல்லலன்னா அவ வருவாளா?" என்றார், அது பெரிய சாமர்த்தியம் போல. அம்மா சேலை முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கம் என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம்தான் என்றால் பெரிய பாதிப்பு இருக்காது. பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இனி சேர்த்து வைக்காதீர்கள் என்றார்கள். அக்கா அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

பரிசோதனையில் எல்லாம் அடங்கிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கு, அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"இப்ப வரலாம்க்கா."



"நெசமா நீயா சொல்ற? அப்பா சொல்லச் சொன்னாரா?" என்றாள். "ஆஸ்பத்திரி நம்பரக் குடு. நானே கேட்டுக்கறேன்."

கொடுத்தேன்.