போக்குவாவும் பேச்சுக்கோலும்

குமாசியில, பன்டாமாப் பேட்டையில போக்குவாவைத் தெரியாத ஆள் கிடையாது. அவ என்ன வேலை பாக்குறான்னு தெரிஞ்ச ஆளும் கிடையாது. கம்ப்யூட்டர் வேலைன்னு ஒரு தடவை யார்கிட்டயோ வாய்விட்டுட்டா. அன்னையிலேர்ந்து கெட்டுப்போன ஃப்ரிட்ஜ், பாடாத ரேடியோ, ஒரு நாள் கண்ணு சரியாத் தெரியாத நாய்கூட அவ மேஜைக்கு வந்து நின்னுச்சு. நாயை மட்டுந்தான் திருப்பி அனுப்பினா.

மேஜைன்னா சொந்தக் கடை இல்ல. சிநேகிதி ஃப்ரேமா வச்சிருக்கிற தையக்கடையில ஜன்னலோரம் ஒரு மூலை. ஒரு பக்கம் தையல் மெஷின் கடகடக்கும், இன்னொரு பக்கம் இவ விரலு கடகடக்கும். ரெண்டுல எது வேகம்னு கேட்டா, தெருவே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கும்.

"அப்படி என்னத்தடி தட்டிக்கிட்டே இருக்க?"ன்னு ஃப்ரேமா கேப்பா.

"பிரவுசர் இருக்குல்ல, அதுமேல ஒட்டிக்கிற எக்ஸ்டென்ஷன் எழுதறேன். நீ சட்டை தைக்கிற மாதிரி யாரோ பிரவுசர் செய்யிறாங்க. நான் அதுக்குப் பாக்கெட் வைக்கிறேன்."

"வச்ச பாக்கெட்டுல ஒருத்தனாவது கை விட்டானா?"

அந்தக் கேள்விதான் சுடும். கரண்ட் போறதுக்குள்ள எழுதினதைப் பத்திரப்படுத்துற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு செஞ்சா. அதைப் போட்டுக்கிட்டவங்க அவளும், அவ மிரட்டிப் போடவச்ச ஃப்ரேமாவும், ஐஸ்லாந்துல ஒரு புண்ணியவானும். அந்த ஊர்ல கரண்டே போகாதாம். அவன் கை தவறித்தான் அமுக்கியிருக்கணும்.

அப்போதான் பிரவுசர்காரங்க புதுசா ஒரு வசதி விட்டாங்க. உலகத்துல எந்த மூலையில இருந்தாலும் நாலு பேர் சேர்ந்து ஒரே பிரவுசர் ஜன்னலைப் பாக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறத்துல அம்புக்குறி. யார் வேணா பக்கத்தை நகர்த்தலாம், யார் வேணா அமுக்கலாம். எக்ஸ்டென்ஷன் எழுதுறவங்களும் அந்த ஜன்னலுக்குள்ள நுழையறதுக்கு ஒரு சின்னக் கதவையும் திறந்து விட்டாங்க. போக்குவா அதைப் படிச்சுட்டு சோத்தையே மறந்துட்டா. போக்குவா சோத்தை மறக்கிறதுன்னா குமாசியில பனி பெய்யிற மாதிரி.

அந்த வாரந்தான் பெரியம்மா அச்சியா போய்ச் சேர்ந்தா. போக்குவாவோட அம்மா டுஃபியேவுக்குக் கூடப் பிறந்த அக்கா. தொண்ணூறு தாண்டின கட்டை. சந்தையில அக்காவும் தங்கச்சியும் ஒரே பலகை போட்டு ஒரு ஆயுசு முழுக்க வள்ளிக்கிழங்கு வித்தவங்க. அச்சியா பேசுவா, டுஃபியே எடை போடுவா. அச்சியா ஒரு நாள்ல பேசினதை டுஃபியே இன்னும் ஒரு ஆயுசு இருந்தாலும் பேசி முடிக்க மாட்டா.

சாவுன்னா எங்க ஊர்ல சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டணும். போஸ்டருக்கு முகம் வேணும். எந்த முகம்னு முடிவு பண்ண குடும்பம் கூடணும். ஆனா குடும்பம் ஹாம்பர்க்ல கொஞ்சம், டொராண்டோவுல கொஞ்சம். அச்சியாவோட படமெல்லாம் ஒரு பக்கத்துல ஏத்திட்டு, போக்குவா எல்லாரையும் அந்தப் புது ஜன்னலுக்குள்ள கூப்பிட்டா.

கூப்பிட்டது தப்பு. ஹாம்பர்க்ல இருக்கிற தாய்மாமன் யமோவா, அச்சியா விரலு பத்துலயும் தங்கம் மாட்டின படத்தைப் பிடிச்சு இழுக்க, டொராண்டோவுல இருக்கிற அச்சியா மக அடுபி, சுருக்கமெல்லாம் துடைச்சு வழவழப்பாக்கின படத்தைப் பிடிச்சு இழுத்தா. பக்கம் மேலயும் கீழயும் குதிச்ச குதியில பாக்கிறவங்களுக்கு வாந்தியே வந்திருக்கும். யாரோ அமுக்கின அமுக்குல சவுரிமுடி விளம்பரம் வேற திறந்துக்கிச்சு.

"தலைப்பு 'என்ன ஒரு அதிர்ச்சி'ன்னு போடுங்க"ன்னு மாமா கத்தினார்.

"தொண்ணூறு தாண்டின ஆளு போனதுக்கு என்ன மாமா அதிர்ச்சி?"ன்னு போக்குவா கேட்டா.

"எனக்கு அதிர்ச்சிடி. நீ எழுது."

இந்தக் கூத்துல பச்சை அம்பு ஒண்ணு மூலையில பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு அசையாம இருந்துச்சு. அது டுஃபியேவோடது.

"நீ எதும்மா சொல்ற?"ன்னு போக்குவா அப்புறம் கேட்டா.

"நான் கை வைக்கிறதுக்குள்ள பக்கம் ஓடிப்போயிடுதுடி."

"எந்தப் படம்னு என்கிட்ட சொல்லு, நான் சொல்றேன்."

"நீ சொன்னா அது உன் பேச்சு. எங்கக்காவுக்கு நான்தான் சொல்லணும்."

அவ்வளவுதான். அதுக்குமேல டுஃபியே வாயிலேர்ந்து வார்த்தை எடுக்கணும்னா கிணறு வெட்டுறவனைத்தான் கூப்பிடணும். அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம் அச்சுக்குப் போயாகணும். அதுக்குள்ள அம்மாவை ஒரு தடவையாவது சபையில பேசவைக்கணும்னு போக்குவா மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு.

அவளுக்கு ஒரு ஆட்டு வழக்கு ஞாபகம் வந்துச்சு. ஒரு ஆடு தோட்டத்தை மேஞ்ச கேசுல சாட்சி சொல்ல ஊர்த் தலைவரோட அரசவைக்கு அவ போயிருந்தா. அங்க யாரும் தலைவர்கிட்ட நேராப் பேசக் கூடாது. தங்கப் பூண் போட்ட கோலைப் பிடிச்சு ஒருத்தர் நிப்பார், பேச்செல்லாம் அவர் வழியாத்தான் போகும், வரும். ஆட்டுக்காரனும் தோட்டக்காரனும் ஒருத்தனை ஒருத்தன் கடிச்சுத் தின்னுடற வேகத்துலதான் வந்தாங்க. ஆனா ஒவ்வொரு வசவும் கோல்காரரைச் சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள ஆறிப்போன கஞ்சியாயிடுச்சு.

ஜன்னலுக்கும் ஒரு கோல் செய்யலாம்னு உக்காந்தா. கோல் யார்கிட்டயோ அவங்க அம்பு மட்டுந்தான் அசையும், மத்த அம்பெல்லாம் சும்மா கிடக்கும். ஃப்ரேமா தைச்ச துணியெல்லாம் மலையாக் குவிஞ்சப்போ போக்குவாவோட எக்ஸ்டென்ஷனும் முடிஞ்சுது. 'பேச்சுக்கோல்'னு பேர் வச்சா.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து எல்லாரும் ஜன்னல்ல கூடினாங்க; டுஃபியே வீட்ல அவ பக்கத்துலயே போக்குவாவும், கைத்தையலோட ஃப்ரேமாவும். எக்ஸ்டென்ஷனைப் போடச் சொன்னதும் மாமா குதிச்சார்.

"எல்லா வெப்சைட்லயும் உங்க தகவலைப் படிக்கும், மாத்தும்னு இதுல எழுதியிருக்கே! என் பேங்க்கைப் படிக்கப் பாக்குறியாடி?"

"படிச்சா அழுகைதான் வரும் மாமா. ஒரு நிமிஷம் இருங்க."

புது வசதியில இந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் அனுமதி கேக்க வழி இருந்துச்சு. அவதான் பழைய பழக்கத்துல ஊரையே கேட்டு வச்சிருந்தா. மாத்தி அனுப்பினா. மாமா மூக்குமேல கண்ணாடியை ஏத்தி, கிரயப் பத்திரம் மாதிரி மூணு தரம் படிச்சுட்டு அமுக்கினார்.

கோல் மாமாகிட்ட போச்சு. தங்க விரல் படத்தைக் காட்டினார். அடுபிகிட்ட போச்சு. வழவழப்புப் படத்தைக் காட்டினா. யாரும் யாரையும் இழுக்கல. போக்குவா உச்சி குளிர்ந்துபோய் ஃப்ரேமாவைப் பாத்துக் கண்ணடிச்சா.

அப்புறம் டுஃபியேகிட்ட கோல் வந்துச்சு. அவ மூக்குக்கண்ணாடியைத் தேடினா. போர்த்தின துணியில துடைச்சா. மாட்டினா. மவுசுமேல கையை வச்சா. கோல் டக்குனு எகிறி மாமாகிட்ட போயிடுச்சு.

"டுஃபியே அக்காவுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, முடிஞ்சுது"ன்னார் மாமா. "அச்சாபீஸ் மூடிருவான், தங்கப் படத்தையே அனுப்புங்க."

டுஃபியே கண்ணாடியைக் கழட்டி மடிச்சு வச்சா. அந்த மடிப்புச் சத்தம் போக்குவா காதுல கதவு சாத்தின மாதிரி விழுந்துச்சு.

ஏன்னா அந்த விதியை எழுதினதே அவதான். கோல் வச்சிருக்கிறவங்க கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தானா அடுத்த ஆளுக்குப் போயிடணும். இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க, யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாதுன்னு. அவளும் யோசிக்காம எழுதிட்டா. ஆட்டுக்காரன் அன்னைக்கு நடுவுல நின்னு தண்ணி குடிச்சான், மூக்கைச் சிந்தினான், அழுதான். அத்தனைக்கும் கோல்காரர் கல்லு மாதிரி நின்னாரு. அதை இவ கண்ணால பாத்திருந்தா. பாத்ததுல பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கா.

"மாமா, அனுப்பாதீங்க. தப்பு என்னோடது. கோல் தானாக் குதிக்குது, நான்தான் குதிக்கவச்சேன். சரி பண்றேன்."

"இப்பவா? அடியேய், நேரம் என்ன ஆச்சு தெரியுமா?"

"அம்மா இன்னும் பேசல மாமா."

நாலு வரியை அழிச்சா. அழிக்கிறது எழுதுறதைவிடச் சுளுவுதான். எல்லாரையும் ஒரு தரம் திரும்ப அமுக்கச் சொன்னா. கோல் மறுபடி டுஃபியேகிட்ட வந்துச்சு. இனி அவளா விட்டாத்தான் உண்டு.

டுஃபியே கண்ணாடியை மாட்டினா. பச்சை அம்பு அசையல. தகரக் கூரையில மழை ஆரம்பிச்சுது. ஹாம்பர்க்ல மாமா எதையோ அமுக்கு அமுக்குன்னு அமுக்குற சத்தம் கேட்டுச்சு.

"அக்கா, தூங்கிட்டியா?"

மாமா போக்குவாவைப் பிடிச்சுக்கிட்டார்.

"இந்தக் கோலைப் பிடுங்க வழியே இல்லையாடி?"

"இல்ல மாமா."

"எந்த மடையன் செஞ்சான் இதை?"

"உங்க மருமகதான் மாமா"ன்னா ஃப்ரேமா, ஊசியை வாயில வச்சுக்கிட்டே.

செய்ய வேற ஒண்ணும் இல்லாததால எல்லாரும் சும்மா உக்காந்து அச்சியாவைப் பாத்தாங்க. அவ செத்ததுலேர்ந்து யாரும் அதுக்கு நேரம் ஒதுக்கல.

அப்போ அம்பு நகந்துச்சு. தங்கத்தைத் தாண்டிச்சு, வழவழப்பைத் தாண்டிச்சு, யாரும் போகாத அடிமட்டத்துக்கு இறங்கிப் போச்சு. அங்க ஒரு கலங்கலான படம். சந்தைப் பலகைக்குப் பின்னாடி அச்சியா, தலைத்துணி சரிஞ்சு, இருந்த பல்லு இல்லாத பல்லு அத்தனையும் தெரிய வானத்தைப் பாத்துச் சிரிக்கிறா. ஓரத்துல யாரோ ஒருத்தியோட பாதித் தோள்.

டுஃபியே அமுக்கினா. படம் ஜன்னல் முழுக்க விரிஞ்சுது.

"இது"ன்னா.

அடுபி படத்துகிட்ட முகத்தைக் கொண்டுபோனா. "சித்தி, எங்கம்மா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எதுக்குச் சிரிச்சாங்க?"

"நான் ஒண்ணு சொன்னேன். அதுக்கு."

"நீ பேசினியா?"ன்னார் மாமா. "என்ன சொன்ன?"

"உன்னைப் பத்தித்தான். நீ மொத மொத கோட்டு போட்டுக்கிட்டு வந்தியே, அன்னைக்கு."

மாமா முதல்ல இருமினார். அப்புறம் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே இருந்தவர் நடுவுல எங்கயோ அழ ஆரம்பிச்சுட்டார். "அதையே போடுங்க"ன்னார். "அதிர்ச்சி வேணாம். பேர் மட்டும் போடுங்க."

"சரிம்மா, கோலை விடு. அச்சுக்கு அனுப்பணும்"ன்னா போக்குவா.

"இருடி"ன்னா டுஃபியே.

மழை விடற வரைக்கும் பிடிச்சிருந்தா. மூணு ஊர்ல ஒருத்தராலயும் அந்தப் படத்தை ஒரு நூல் அளவு நகர்த்த முடியல. அப்புறம் அவளே கோலைத் தம்பிகிட்ட கொடுத்துட்டு, வள்ளிக்கிழங்கு வேக வைக்க எழுந்து போனா.

பன்டாமா சுவரெல்லாம் அந்த வாரம் அச்சியா சிரிச்சா. போற வர்றவங்க துக்கமா நிக்கணுமா சிரிக்கணுமான்னு தெரியாம முழிச்சாங்க. பேச்சுக்கோலை இப்போ எங்கெங்கயோ உள்ள குடும்பங்க போட்டுக்கிறாங்க. ஐஸ்லாந்துக்காரன்கூட வந்துட்டான். அவன் புகார் எழுதியிருந்தான்: "கோல் ஒருத்தர்கிட்ட போனா அவங்களா விடுற வரைக்கும் திரும்ப வர மாட்டேங்குது. எப்போ சரி பண்ணுவீங்க?"

போக்குவா படிச்சுட்டு ஃப்ரேமாகிட்ட காட்டினா. அப்புறம் பதில் தட்டினா: "உங்க வீட்ல யார் பிடிச்சிருக்காங்க?"

பதில் இன்னும் வரல. அவ காத்திருக்கா.